மாதம் 2,000 ரூபாய்க்கு ஓர் ஆலோசகர்: ராணிப்பேட்டைப் பட்டறையில் எட்டு மாத அனுபவம்

ராணிப்பேட்டை சிப்காட்டை ஒட்டிச் சிறிய பராமரிப்புப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். இரண்டு லேத், மூன்று வெல்டிங் மெஷின், என்னையும் சேர்த்து ஏழு பேர். சுற்றியுள்ள தோல் தொழிற்சாலைகளின் டிரம், பம்ப், கியர்பாக்ஸ் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதும், சின்னச் சின்ன இரும்புக் கட்டமைப்புகளைச் செய்து நிறுத்துவதும் எங்கள் வேலை. வேலையில் சந்தேகம் எழுந்தால், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். அவருக்கும் வயதாகிவிட்டது, பிற்பகலில் உறங்குபவரை எழுப்பி ஷாஃப்ட் அளவு கேட்பது எனக்கே கூச்சமாக இருந்தது. சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் அக்கா மகன் விடுமுறையில் வந்தபோது, "மாமா, இனிமே யாரையும் தொந்தரவு பண்ண வேணாம், இதுகிட்ட கேளுங்க" என்று சொல்லி, செயற்கை நுண்ணறிவு உரையாடல் சேவை ஒன்றில் கட்டணக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தான். மாதக் கட்டணம் ஏறக்குறைய 2,000 ரூபாய்.

இந்த எட்டு மாதங்களில் அதனிடம் முந்நூறு கேள்விகளாவது கேட்டிருப்பேன். சேவையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே கேள்விகளில் சிலவற்றைத் தொழில் நண்பர்கள் இருவர் வேறு சேவைகளிலும் கேட்டுப் பார்த்தார்கள். விடைகளின் நடை மாறியதே தவிர, கீழே சொல்லப்போகும் குறைகள் பெரிதாக மாறவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த கத்திரி வெயிலில் ஒரு தொழிற்சாலையின் 5.5 கிலோவாட் மோட்டார் ஒன்று தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. காலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். கிளாம்ப் மீட்டரில் அளந்தால் 10 ஆம்பியர். பெயர்ப்பலகையில் 11 ஆம்பியர் என்று இருந்தது. மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை மின்பணியாளர் மாற்றினார். புதிய ரிலேயும் அதே நேரத்தில் டிரிப் ஆனது. மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு தொடங்கிய நாளில், விவரம் முழுவதையும் இந்தச் சேவையிடம் எழுதிக் கேட்டேன். அது உடனே விடை சொல்லாமல், ரிலே பொருத்தப்பட்ட பேனல் எந்தச் சுவரில் இருக்கிறது, அதன்மேல் வெயில் விழுகிறதா, மோட்டாரைத் தொடக்கும் ஸ்டார்-டெல்டா இணைப்பில் ரிலே லைன் கம்பியில் இருக்கிறதா ஃபேஸ் கம்பியில் இருக்கிறதா என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்டது. பேனல் மேற்குப் பார்த்த தகரச் சுவரில் இருந்தது. கதவைத் திறந்து தெர்மாமீட்டரை உள்ளே வைத்தோம். 61 டிகிரி காட்டியது. ரிலேக்குள் இருக்கும் பைமெட்டல் பட்டை வெப்பத்தால் வளைந்துதான் டிரிப் செய்கிறது. வெப்பம் மின்னோட்டத்திலிருந்து வந்ததா வெயிலிலிருந்து வந்ததா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. சுற்றுப்புற வெப்பத்துக்கு ஈடுசெய்யும் வகையாக இருந்தாலும் அந்த ஈடுசெய்தலுக்கும் ஒரு வரம்பு உண்டு. பேனலை உட்சுவருக்கு மாற்றினோம், பிரச்சினை தீர்ந்தது. முழுச்சுமை மின்னோட்டத்தின் 58 சதவீதமே ஓடும் ஃபேஸ் கம்பியில் ரிலே இருப்பதால், அதை 6.4 ஆம்பியரில் வைக்க வேண்டும் என்பதையும் அது சரியாகவே நினைவூட்டியிருந்தது. அந்த ஒரு நாளில் எட்டு மாதக் கட்டணமும் கழிந்துவிட்டதாகவே கணக்கு வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே வேறு முகத்தைப் பார்த்தேன். தோலுக்குச் சாயமேற்றும் பிரிவில், தரைக்குக் கீழே உள்ள தொட்டியிலிருந்து வெந்நீரை இறைக்கும் பம்ப் ஒன்று பெரும் சத்தம் போட்டது. தண்ணீர் வரத்தும் குறைந்திருந்தது. எங்கள் ஃபிட்டர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்பின் உடலிலும் கைப்பிடியைத் தன் காதிலும் வைத்துச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "பேரிங்ல ஒண்ணும் இல்ல சார், உள்ள ஏதோ ஜல்லிக்கல்லு கீது" என்றார். கழற்றிப் பார்த்தால் கல் இல்லை. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இதழ்களில், தண்ணீர் நுழையும் ஓரத்தில் மட்டும், கரையான் அரித்த பலகையைப் போலச் சிறு சிறு குழிகள் இருந்தன.

சேவையிடம் அறிகுறிகளை எழுதினேன். ஒன்பது காரணங்களை வரிசையாகக் கொடுத்தது; அவற்றுள் கேவிடேஷன் ஐந்தாவது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவிக் குமிழிகளாகி, அந்தக் குமிழிகள் இம்பெல்லரின்மேல் வெடித்து உலோகத்தைக் கொத்தி எடுப்பதுதான் கேவிடேஷன். ஜல்லிக்கல் அரைபடும் சத்தம் அதன் அடையாளம் என்று அது தெளிவாகவே விளக்கியது. அதுவரை சரி. அப்படியானால் எங்கள் பம்புக்கு உறிஞ்சும் பக்கத்தில் கிடைக்கும் நிகர அழுத்த உயரம், அதாவது என்.பி.எஸ்.எச்., எவ்வளவு என்று கணக்கிடச் சொன்னேன். நீர்மட்டம் பம்பின் மையத்துக்கு 2.5 மீட்டர் கீழே இருக்கிறது, குழாயிலும் ஃபுட் வால்விலும் சேர்ந்து இழப்பு 0.8 மீட்டர், ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம் என்று விவரம் கொடுத்தேன். 6.5 மீட்டர் கிடைக்கிறது, பம்ப் தயாரிப்பாளரின் வளைகோட்டின்படி தேவை 4 மீட்டர்தான், ஆகவே கேவிடேஷனுக்கு வாய்ப்பே இல்லை, பம்ப், மோட்டார் தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அலைன்மென்டைச் சரிபாருங்கள் என்று முடித்துவிட்டது.

அந்த விடையில் ஒரு கூட்டல் கழித்தல் பிழையும் கிடையாது. காகிதத்தில் நானே போட்டுப் பார்த்தேன், 6.5 தான் வந்தது. அலைன்மென்டுக்கு டயல் கேஜை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, ஃபிட்டர் என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கொதிக்கிறத அதுகிட்ட சொன்னீங்களா சார்?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. முதல் செய்தியில் 'வெந்நீர்ப் பம்ப்' என்று எழுதியிருந்தேனே தவிர, வெப்பநிலையைக் குறிப்பிடவில்லை. அது 25 டிகிரி என்று தானாக எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டதை ஒரு வரியில்கூடச் சொல்லவுமில்லை. தொட்டியில் இருந்த தண்ணீரின் வெப்பம் 70 டிகிரி. 25 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் தண்ணீர் உயரக் கணக்கில் 0.3 மீட்டரைச் சற்றே தாண்டும். 70 டிகிரியில் அது 3.2 மீட்டருக்கும் மேலே போய்விடும். அதைக் கழித்தால் கிடைப்பது ஏறத்தாழ 3.8 மீட்டர், தேவையோ 4. பம்பை 2 மீட்டர் கீழே இறக்கி ஒரு குழியில் அமர்த்திய பிறகு சத்தம் நின்றது.

தவறு என்னுடையதுதானே என்று யாரேனும் கேட்கலாம். பாதி என்னுடையதுதான். ஆனால் ஓய்வுபெற்ற அந்தப் பொறியாளரிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், கணக்குப் போடும் முன்பே வெப்பநிலை என்னவென்று கேட்டிருப்பார். ரிலே விவகாரத்தில் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்ட அதே சேவை, இங்கே ஒன்றுகூடக் கேட்கவில்லை. எப்போது கேட்கும், எப்போது கேட்காது என்று முன்கூட்டியே அறிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் எனக்குச் சங்கடம். இப்போது எந்தக் கணக்கைக் கேட்டாலும், "நான் கொடுக்காமல் நீ எடுத்துக்கொண்ட எண்களை முதலில் எழுது" என்ற வரியைச் சேர்த்தே அனுப்புகிறேன். இந்த ஒரு வரியால் விடைகளின் தரம் கண்கூடாக உயர்ந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி கைப்பட உழைத்த பணம் சம்பந்தப்பட்டது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்கள் பட்டறைக்குள்ளேயே 2 டன் வரை சுமை தூக்கும் செயின் பிளாக் ஒன்றைத் தொங்கவிட, 6 மீட்டர் இடைவெளிக்கு ஐ பீம் ஒன்று போட வேண்டியிருந்தது. கையிருப்பில் ஐ.எஸ்.எம்.பி. 200, அதாவது 200 மில்லிமீட்டர் உயரமுள்ள ஐ பீம், இருந்தது. அது தாங்குமா என்று கேட்டேன். நடுவில் 20 கிலோநியூட்டன் சுமை, பீமை வளைக்கப் பார்க்கும் வளைதிருப்பம் 30 கிலோநியூட்டன்-மீட்டர், பீமின் செக்‌ஷன் மாடுலஸ் (வளைவை எதிர்க்கும் அளவு) 223.5 கன சென்டிமீட்டர், ஆகவே தகைவு (இரும்பின் ஒரு சதுர அளவில் விழும் விசை) 134 மெகாபாஸ்கல், அனுமதிக்கப்பட்டது 165, ஆகவே பாதுகாப்பானது என்று ஐந்தே வரிகளில் விடை வந்தது. பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளமும் போட்டிருந்தது. ஒவ்வோர் எண்ணும் சரி; முடிவு தவறு.

165 என்ற அந்த எண், இரும்பு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் 250 மெகாபாஸ்கலின் 0.66 பங்கு. பீமின் மேல் விளிம்பு பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதை முழுமையாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பீம் இரண்டு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டு, நடுவில் ஆதரவே இல்லாமல் 6 மீட்டர் நிற்கிறது. அந்த நிலையில் சுமை ஏறும்போது பீம் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு சாயப் பார்க்கும். அனுமதிக்கத்தக்க தகைவு 165-இல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தொய்வையோ அது கணக்கிடவே இல்லை. நானே போட்டுப் பார்த்ததில் நடுவில் 20 மில்லிமீட்டர் தொய்வு வந்தது. கையால் இயக்கும் கிரேன் சுமைக்கு, இரும்புக் கட்டமைப்புகளுக்கான இந்தியத் தரநூலான ஐ.எஸ். 800:2007 சொல்லும் வரம்பு இடைவெளியின் 500-இல் ஒரு பங்கு, அதாவது 12 மில்லிமீட்டர். இவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டியபோது, ஒவ்வொரு முறையும் "மிகச் சரியாகக் கவனித்தீர்கள்" என்று பாராட்டிவிட்டுக் கணக்கைத் திருத்தியது. நான் கவனிக்காமல் விட்டிருந்தால் பாராட்டும் வந்திருக்காது, திருத்தமும் வந்திருக்காது. கடைசியில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் போனேன். அவர் ஐ.எஸ்.எம்.பி. 300 எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். பீமின் எடை 110 கிலோவுக்கு மேல் கூடியது. அவருடைய கட்டணமும் சேர்ந்து கையைக் கடித்தது. ஆனால் 2015 ஜனவரி இறுதியில் இதே சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உறங்கிய இடத்திலேயே உயிரிழந்ததை நினைவில் வைத்திருக்கும் ஊரில், சுமை தாங்கும் எந்தப் பொருளையும் கையொப்பம் போட முடியாத ஒன்றின் சொல்லை நம்பி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தொய்வு வரம்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று அதனிடம் கேட்டபோது நடந்தது இன்னொரு கூத்து. மிகத் திட்டமாக ஒரு பிரிவு எண்ணையும் ஓர் அட்டவணை எண்ணையும் கொடுத்தது. தரநூலைத் திறந்து பார்த்தால் அந்தப் பிரிவு வேறெதையோ பேசுகிறது. உண்மையில் அது இருப்பது 5.6.1-ஆம் பிரிவின் 6-ஆம் அட்டவணையில். இந்த வகைச் சேவைகள் தரநூலைப் புரட்டிப் பார்த்து விடை சொல்வதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அடிப்படையில் இவை, படித்த கோடிக்கணக்கான வரிகளின் போக்கை வைத்து, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கணித்து வாக்கியம் கட்டுபவை. பிரிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் பிரிவு எண் போலத் தோன்றும் ஒன்றை வைத்துவிடும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டிய வழக்கிலும் நடந்தது இதுவே. தரநூலின் கோப்பையே பதிவேற்றி, "இதற்குள் மட்டும் தேடு" என்றால் விடைகள் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. அதேபோல், கணக்கை மனத்தால் போடாமல் நிரல் எழுதி ஓட்டிப் போடச் சொன்னால் பெருக்கல் வகுத்தல் பிழைகள் அநேகமாக மறைந்துவிடுகின்றன. பம்ப் கணக்கில் நடந்தது போன்ற பிழைகளிலிருந்து மட்டும் நிரலும் காப்பாற்றாது.

இணங்கிப் போகும் குணத்தைச் சோதிக்க ஒரு நாள் வேண்டுமென்றே வம்பு செய்து பார்த்தேன். 1440 சுற்றில் ஓடும் மையவிலக்கு பம்பின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சக்தி எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும், ஆகவே ஏறக்குறைய 51 சதவீதம் என்று சரியான விடையைச் சொன்னது. "இல்லையே, 80 சதவீதம்தானே?" என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, 80 சதவீதமே சரி என்று சொல்லி, அதற்கு ஒரு காரணத்தையும் கற்பித்தது. வாதத்தில் நான் வென்றுவிட்டேன், வென்றிருக்கக் கூடாது. சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஏப்ரலில் ஒரு புதுப்பிப்பை, அது பயனர்களுக்கு அளவுக்கு மீறித் தலையாட்டுகிறது என்று திரும்பப் பெற்றது. ஆகவே இது நான் வாங்கிய சரக்கில் மட்டும் உள்ள பழுதன்று. இப்போதெல்லாம் என் ஊகத்தை அதனிடம் சொல்வதே இல்லை. 'பேரிங் போயிருக்குமோ' என்று கேட்டால் பேரிங்தான் என்று சொல்லும். 'என்ன போயிருக்கும்' என்று கேட்டால் ஓரளவு யோசிக்கும்.

தமிழில் கேட்கலாமா என்று பலர் விசாரிக்கிறார்கள். கேட்கலாம், கேள்வியை நன்றாகவே புரிந்துகொள்கிறது. விடையில்தான் வேடிக்கை. பம்பின் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்டில் தண்ணீர் சொட்டுவதைப் பற்றிக் கேட்டபோது, "சுரப்பியைச் சீராக இறுக்கவும்" என்று எழுதியது. ஷாஃப்டையும் சக்கரத்தையும் பிணைக்கும் கீ தேய்ந்திருப்பதைச் சொன்னால் "சாவியை மாற்றவும்" என்றது. பேரிங் பிளேயை, அதாவது அதன் தளர்வை, "தாங்கியின் விளையாட்டு" என்று மொழிபெயர்த்ததை வாசித்துக் காட்டியபோது லேத் ஓட்டும் பையன் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். பட்டறையில் புழங்கும் சொற்களையே பயன்படுத்து, மொழிபெயர்க்காதே என்று அறிவுறுத்திய பின் நிலைமை தேவலாம். அழுத்தத்தை நாம் கிலோ என்று சொல்வதை அது எடையாக எண்ணிக்கொள்ளும் ஆபத்து இன்னும் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்று முழுமையாக எழுதிவிடுவது நல்லது.

எச்சரிக்கை வாசகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு விடையின் கீழும் 'தகுதிவாய்ந்த நிபுணரை அணுகவும்' என்று போடுகிறது. வி-பெல்ட் மாற்றுவதற்கும் அதே வாசகம்; சல்பைடு கழிவு தேங்கிய குழியில் ஆள் இறங்குவதற்கும் அதே வாசகம். சல்பைடு நீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும், அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும், இறங்காதீர்கள் என்று அது சரியாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் எதற்கும் ஒரே தொனியில் எச்சரித்தால், உயிர் போகிற இடத்தில் அந்த வரியை யார் நின்று படிப்பார்கள்?

காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து இறுதியாண்டு மாணவர்கள் பிராஜெக்ட் வேலைக்கு எங்களிடம் வருவதுண்டு. சென்ற மாதம் வந்த வரைபடத்தில் 30 மில்லிமீட்டர் ஷாஃப்டின்மேல் 6205 பேரிங் உட்கார்ந்திருந்தது. 6205-இன் கடைசி இரண்டு இலக்கங்களை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் 25 வந்துவிடும். அது 30-இல் ஏறாது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டபோது, தம்பி தயங்காமல் கைப்பேசியைக் காட்டினார். அதே கைப்பேசியில் பேரிங் தயாரிப்பாளரின் பட்டியலைத் திறக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டணத்துக்குத் தகுதியா என்றால், என் தொழிலுக்குத் தகும். பழுதின் காரணங்களை விரித்துப் பார்ப்பதற்கும், மறந்துபோன சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்வதற்கும், பேரிங் எண்ணின் பின்னால் வரும் சி3 என்பது வழக்கத்தைவிட அதிக உள் இடைவெளியைக் குறிக்கிறது என்பது போன்ற விளக்கங்களுக்கும், வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் கொட்டேஷன் எழுதுவதற்கும் தினமும் திறக்கிறேன். வாரத்துக்கு நான்கைந்து கேள்விக்கு மேல் இல்லாதவர்களுக்கு இலவசப் பதிப்பே போதும். அட்டவணை எண், தரநூல் பிரிவு, சுமை தாங்கும் எந்தப் பொருளின் அளவு ஆகிய மூன்றையும் அதனிடமிருந்து எழுதி எடுத்துக்கொண்டு நேராக வேலையைத் தொடங்குவதில்லை என்று பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஐ.எஸ்.எம்.பி. 200 இன்னும் மூலையில்தான் கிடக்கிறது. 3 மீட்டர் அளவில் இரண்டாக வெட்டி வேறு வேலைக்குப் போட உத்தேசம்.